குதிநாண் நோவும் அதன் சிகிச்சையும்

மனித சரீரத்திலுள்ள தசைநாண்களுள் மிகத் தடித்ததும் மிக வலியதும் எதுவென்றால், கெண்டைக்கால் தசைகளைக் குதிகால் எலும்போடு பிணைத்து நிற்கும் குதிநாண்தான். மேனாட்டார் அதற்குக் கிரேக்க வீரன் அக்கிலீஸின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஓடுகையில் ஒவ்வோர் அடியிலும் உடம்பின் எடையைப் போல் பன்மடங்கு பளுவை ஏற்று, இழுபட்டு, அந்த இழுவிசையையே அடுத்த அடிக்கு உந்துதலாக அது திருப்பித் தருகிறது. இத்தனை வலிய உறுப்பும் நோவு கொள்வதற்குப் பெரும்பாலும் காரணம், ஓடுபவர் தம் வழக்கமான தூரத்தையோ வேகத்தையோ திடீரென்று கூட்டி, அது தன்னைச் செப்பனிட்டுக்கொள்ள அவகாசம் கொடாமையே ஆகும்.

காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலுக்கு மேலே ஒரு விறைப்புத் தோன்றும். சற்று நடமாடியதும் தளரும். ஓட்டத்தின் தொடக்கத்தில் வலித்து, உடம்பு சூடேறியதும் மறைந்து, ஓய்ந்த பிறகு மறுபடி தலைகாட்டும். இரு விரல்களால் நாணைப் பிடித்து அழுத்தினால், எலும்பில் சேருமிடத்துக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே ஓரிடம் தடித்து வலிப்பது தெரியும். நாட்பட்ட நோவில் அங்கே முக்கியமாகக் காணப்படுவது, வரிசையாக அமைந்திருக்க வேண்டிய கொலாஜன் நார்கள் ஒழுங்கு குலைந்து கிடக்கும் நிலை; ஆகவே அழற்சியை அடக்கும் மாத்திரைகள் வலியைச் சிறிது காலம் மறைக்குமேயன்றி நாணைச் சீராக்கா.

வலிக்கும் உறுப்புக்கு ஓய்வு கொடுப்பதே உலக வழக்கம். ஆனால் வாரக்கணக்கில் முடங்கியிருந்தால், வலியோடு கூடப் பளு தாங்கும் சக்தியும் குறைந்து, ஓடத் தலைப்பட்ட சில நாட்களிலேயே பழைய நோவு திரும்பிவிடும். அளவறிந்து ஏற்றும் பளுவே இதற்கு ஔஷதம் என்பதை உலகறியச் செய்தவர்களுள் முக்கியமானவர், ஸ்வீடன் தேசத்து ஊமியோ நகர வைத்தியர் ஹோக்கன் ஆல்ஃப்ரெட்சன். பிற சிகிச்சைகளால் குணம் காணாத 15 பேர் 12 வாரம் ஓர் அப்பியாசத்தைச் செய்து, 15 பேரும் முன்போல ஓடத் தொடங்கிய செய்தியை அவர் 1998-இல் வெளியிட்டார்.

அந்த அப்பியாசத்துக்கு ஒரு படிக்கட்டே போதும். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலின் பலத்தால் எழும்பி, எடை முழுவதையும் நோவுள்ள காலுக்கு மாற்றி, குதிகால் படிமட்டத்துக்குக் கீழே போகும் வரை மெள்ள மெள்ள இறக்க வேண்டும். மேலே எழும்ப மீண்டும் நல்ல காலே உதவ வேண்டும். முழங்காலை நீட்டியபடி மும்முறை 15, மடக்கியபடி மும்முறை 15. காலையும் மாலையும் சேர்ந்து நாளொன்றுக்கு 180. வலியின்றிச் செய்ய முடிந்ததும் முதுகுப் பையில் எடை சேர்க்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் மட்டும், கனத்த எடையோடு நிதானமாகச் செய்யும் முறையும் இதற்கு நிகரான பலன் தருவதைப் பிந்திய ஆராய்ச்சிகள் காட்டின. நாண் எலும்பில் சேருமிடத்திலேயே வலித்தால், குதியைத் தாழ்த்துவது அவ்விடத்தை நசுக்குமாதலால், சமதரையில் செய்வதே உசிதம்.

ஓட்டத்தை அறவே கைவிட வேண்டியது எல்லாருக்கும் அவசியமில்லை. சகிக்கக்கூடிய வலி பாதகமன்று. மறுநாள் காலை விறைப்பு அதிகமானால், முந்தைய நாளின் பளு மிகுந்துவிட்டதென்று கொண்டு குறைத்துக்கொள்ள வேண்டும். பூரண குணத்துக்குப் பல மாதங்கள் ஆகலாம். ஆனால் ஓடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தாற்போல் சட்டென்று தெறித்து, முன்பாதத்தை ஊன்றி எழும்ப முடியாமற் போனால், நாண் அறுந்திருக்கக்கூடும். அப்போது படிக்கட்டை நாடாமல் உடனே வைத்தியரை நாட வேண்டும்.