துப்பாக்கியில் ஆட்டம் இருந்தால் என்ன?

ரெட்டிபாளையத்தில் இன்று சுண்ணாம்புக்கல் லாரிகளே மிகுதி. ஆயினும் எங்கேனும் மாட்டு வண்டியைக் கண்டால், அதன் மரச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அச்சின் மீது அது சற்றே ஆடும். கடையாணி உறுதியாக இருக்கும்வரை அதனால் கேடு இல்லை. மாறாக, வண்டி மைக்குக்கூட இடமின்றி இறுக்கினால் சக்கரம் சுழலாது.

மிகத் துல்லியமாகச் செய்யப்படும் துப்பாக்கிக்கும் இது பொருந்துமா?

நம் பக்கத்து மாவட்டமான திருச்சிராப்பள்ளியில் 1966இல் நிறுவப்பட்ட படைக்கலத் தொழிற்சாலையில் 7.62 மி.மீ. துப்பாக்கி செய்யப்பட்டது. பெல்ஜியத்து எஃப்.ஏ.எல். துப்பாக்கியை ஒட்டியது அது. அதன் உடற்பகுதியை ‘ரிசீவர்’ என்பர். இது மேல், கீழ் என இரு பாகம். மேற்பாகத்தில் குழல் பொருந்தியிருக்கும். கீழ்ப்பாகத்தில் விசை இருக்கும். இரண்டையும் ஒரு கீல் இணைக்கிறது. கையால் அசைத்தால் இவை சற்று ஆடக்கூடும்.

இந்த ஆட்டம் குறியைக் கெடுக்குமா? குறி பார்க்கும் உறுப்புகள் எங்கே உள்ளன என்பதைப் பொறுத்தது அது. அமெரிக்க எம்-16 துப்பாக்கியில் முன்குறி, பின்குறி இரண்டும் குழலோடு சேர்ந்த மேற்பாகத்திலேயே உள்ளன. கீழ்ப்பாகம் ஆடினாலும் அவற்றின் நேர்கோடு மாறாது. எஃப்.ஏ.எல். வகையிலோ பின்குறி கீழ்ப்பாகத்தில் இருக்கிறது!

எளிய கணக்கு ஒன்று. இரு குறிகளுக்கும் இடைத்தொலைவு சுமார் 55 செ.மீ. பின்குறி 0.1 மி.மீ. விலகியதாகக் கொள்வோம். வடிவொத்த முக்கோண விதிப்படி, 100 மீட்டர் தொலைவில் குண்டு சுமார் 1.8 செ.மீ. விலகும்; 300 மீட்டரில் 5.4 செ.மீ. எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றால் குறியைத் திருத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் இடம் மாறும் ஆட்டமே தொல்லை.

ஆட்டத்திற்கு இடமே தரக்கூடாத இடமும் ஒன்று உண்டு. தோட்டா வெடிக்கையில் உள்ளே எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 3,000 மடங்குக்கும் மேல். தோட்டாவின் பின்புறத்தைத் தாங்கும் ‘போல்ட்’ என்னும் அடைப்பு, அளவுக்கு மீறித் தள்ளி நின்றால் தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்து, சுடுபவருக்கே ஆபத்து நேரலாம். எனவே போல்ட்டைத் தாங்கும் எஃகுத் துண்டைச் சிறு வேறுபாடுள்ள பல அளவுகளில் செய்து வைத்து, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஏற்றதைத் தேர்ந்து பொருத்துவார்கள்.

அப்படியானால் எல்லாப் பகுதிகளையும் இறுக்கமாகச் செய்தால் என்ன? எஃகு சூட்டால் விரியும். 10 செ.மீ. நீளமுள்ள துண்டு 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.12 மி.மீ. நீளும். மணலும் புகும். இவ்வகைத் துப்பாக்கியைக் கையாண்ட பிரிட்டிஷார், மணல் ஒதுங்குவதற்கென்றே உள்ளே நகரும் பகுதியில் காடிகள் வெட்டினர். போர்முனையில் சிக்கிக்கொள்ளும் துப்பாக்கியால் வீரனுக்கு என்ன பயன்?

பாகங்களை மாற்றிப் பொருத்தவும் இடைவெளி வேண்டும். 1785இல் பாரிசுக்கு அருகே ஒனோரே பிளாங்க் என்பவர், துப்பாக்கி விசையின் உறுப்புகளைக் கலந்து வைத்தார். அங்கிருந்த தாமஸ் ஜெஃபர்சன், கைக்கு அகப்பட்டவற்றை எடுத்துப் பொருத்த, அவை சரியாகவே பொருந்தின. ஒவ்வொன்றையும் அராவிச் சேர்க்கும் வழக்கம் மறைய இதுவே முன்னோடி.

ஆகவே, ஒரு பொறியை ஆட்டிப் பார்த்தவுடன் ‘மட்டமான வேலை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எந்த இடத்தில் ஆடுகிறது, அந்த ஆட்டம் எதை மாற்றுகிறது என்று கேளுங்கள். இன்றே உங்கள் சைக்கிளில் தொடங்கலாம்: மிதிகட்டையின் ஆட்டமும் பிரேக்கின் ஆட்டமும் ஒன்றாகுமா?