கணக்கைக் காட்டியதற்குக் கிடைத்த தண்டனை

ரமளான் பிறை தென்பட்டதும் நம் இல்லங்களுக்குத் துண்டறிக்கைகள் வந்து குவிவதை வாசகர்கள் அறிவீர்கள். நோயுற்ற குழந்தையின் படம் ஒன்று. அதன் கீழே, தாங்கள் அளிக்கும் ஒவ்வொரு ரூபாயும் முழுமையாக ஏழைக்கே சென்று சேரும் என்னும் உறுதிமொழி ஒன்று. நிர்வாகச் செலவே இல்லை என்று கூறும் நிறுவனத்தை நாம் நம்பிவிடுகிறோம். செலவைப் பட்டியலிட்டுக் காட்டும் நிறுவனத்தைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். இது சரிதானா? உலகின் மிகப் பெரிய சுகாதார உதவி அமைப்புகளுள் ஒன்றுக்கு நேர்ந்ததை அறிந்தபின் தாங்களே முடிவு செய்யுங்கள்.

எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகிய மூன்று நோய்களை எதிர்த்துப் போராடுவதற்காக 2002ஆம் ஆண்டு ஜெனீவாவில் உலக நிதியம் தொடங்கப்பட்டது. அது தானே மருத்துவமனைகளை நடத்துவதில்லை. செல்வ நாடுகளின் அரசாங்கங்கள் பெரும்பகுதியாக அளிக்கும் பணத்தைப் பெற்று, ஏழை நாடுகளின் சுகாதார அமைச்சகங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் வழங்குகிறது. மருந்தும் கொசுவலையும் அவர்கள் கைவழியாகவே மக்களை அடைகின்றன. பணம் பல கைகள் மாறும் இடத்தில் என்ன நேரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அந்நிதியம் தனக்கென ஒரு தலைமை ஆய்வாளர் அலுவலகத்தை வைத்திருந்தது. அவ்வலுவலகம் 2010ஆம் ஆண்டில் சில நாடுகளின் கணக்குகளைத் துருவி ஆராய்ந்தது. மாலி நாட்டில் பயிற்சி முகாம்கள் நடந்ததாகப் பொய்க் கணக்கு; படிப்பணம் பெற்றதாகப் போலிக் கையெழுத்து. காசநோயாளிக்கும் மலேரியா நோயாளிக்கும் உரிய பணத்தில் சுமார் 40 லட்சம் டாலர் இவ்வாறு களவு போயிருந்தது. மௌரிடானியா, ஜிபூட்டி, ஜாம்பியா ஆகிய நாடுகளிலும் முறைகேடுகள் வெளிப்பட்டன. இந்நான்கில் மூன்று முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள் என்பதை வெட்கத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. பறிகொடுத்த நோயாளிகளும் நம் சகோதரர்களே. பறித்தவர்களும் ஐவேளை பாங்கொலி கேட்கும் ஊர்களில் வாழ்ந்தவர்களே.

இவ்வறிக்கைகளை நிதியம் பூட்டி வைக்கவில்லை. தானே வெளியிட்டது. 2011 ஜனவரியில் அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் அவற்றைப் படித்துப் பெருஞ்செய்தியாக்கியது. அதன்பின் எழுந்த கூக்குரல் கொஞ்சமன்று. ஜெர்மனி பணத்தை நிறுத்தி வைத்தது. ஸ்வீடனும் கையை இறுக்கிக்கொண்டது. கணக்கில் வராதது 3 கோடியே 40 லட்சம் டாலர். அதுவரை வழங்கியதோ 1,300 கோடி டாலர். ஆயிரத்துக்கு மூன்று டாலர்கூட இல்லையே என்று நிதியம் வாதாடிற்று.

இந்த வாதத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். ஆய்வாளர்கள் பார்த்தது வழங்கிய பணத்தில் ஒரு சிறு பகுதியைத்தான். களவு போனதை வழங்கிய தொகை முழுவதோடு ஒப்பிட்டால் கறை சிறிதாகத் தெரியும். சோதித்துப் பார்த்த தொகையோடு ஒப்பிட்டால் பெரிதாகத் தெரியும். நம் ஊர்ச் சங்கங்களின் ஆண்டறிக்கையிலும் விழுக்காட்டைக் காணும்போது, எதன் விழுக்காடு என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். மறுபுறம், ஊழல் கண்டுபிடிக்கப்படாத பிற அமைப்புகள் தூயவையாகத் தோன்றியதும் பிழையே. அக்காலத்தில் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் தன் உள்தணிக்கை அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவே இல்லை. 2012 இறுதியில்தான் அவ்வாறு வெளியிடத் தொடங்கியது. தேடாதவன் வீட்டில் கள்ளன் அகப்படுவதேது?

விளைவு கசப்பானது. ஐரோப்பாவின் பணநெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 2011 நவம்பரில் கானா நாட்டின் அக்ரா நகரில் கூடிய நிர்வாகக் குழு, பதினோராம் சுற்று உதவியையே ரத்து செய்தது. புதிய திட்டங்களுக்குக் காத்திருந்த நாடுகள் வெறுங்கையுடன் நின்றன. 2012 ஜனவரியில் செயல் இயக்குநர் மிஷெல் கசாட்ச்கின் பதவி விலகுவதாக அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில், ஊழலைத் தோண்டியெடுத்த தலைமை ஆய்வாளர் ஜான் பார்சன்சும் பதவிநீக்கம் செய்யப்பட்டார். திருடியவன் கையிலிருந்த பணத்தை நிறுத்தப்போய், மருந்துக்குக் காத்திருந்தவன் கையிலிருந்ததையும் நிறுத்திவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆயினும் ஆய்வு நின்றுவிடவில்லை. கம்போடியா பற்றிய அறிக்கை 2013 நவம்பரில் வெளிவந்தது. கொசுவலை விற்ற இரு பன்னாட்டு நிறுவனங்கள், 2006 முதல் 2011 வரை அந்நாட்டு அதிகாரிகளுக்குச் சுமார் 4 லட்சத்து 10 ஆயிரம் டாலர் தரகு கொடுத்திருந்தன. வலைகள் வந்து சேர்ந்தன. விலையில் ஒரு பங்கு அதிகாரிகளின் பைக்குள் போயிற்று.

இதைப் படிக்கையில் இப்னுல் லுத்பிய்யா என்பவரின் நிகழ்ச்சி நினைவுக்கு வராமல் போகாது. ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட அவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று பிரித்து வைத்தார். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி நின்று, அவர் தம் தாய் தந்தையர் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று மக்கள் முன்னிலையில் வினவினார்கள். இச்செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. விசாரணை மூடிய அறைக்குள் நடைபெறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி நிர்வாகச் செலவுக்கு வருவோம். ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைத் திருக்குர்ஆன் (9:60) குறிப்பிடும்போது, அதனை வசூலித்து நிர்வகிக்கும் ஊழியர்களையும் அவர்களுள் சேர்க்கிறது. ஆகவே கணக்கெழுதுபவருக்கும் தணிக்கை செய்பவருக்கும் கூலி தருவது ஏழையின் பங்கைத் திருடுவதாகாது. அச்செலவை வெட்டிய இடத்தில்தான் போலிக் கையெழுத்துகள் கண்ணில் படாமல் போகின்றன.

அடுத்த முறை ரசீதுப் புத்தகத்துடன் ஒருவர் தங்கள் வாயிலில் நிற்கும்போது, நூற்றுக்கு எவ்வளவு ஏழைக்குப் போகிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். சென்ற ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்தவர் யார், அவர் கண்ட குறை என்ன, அந்தப் பணம் திரும்பி வந்ததா என்றும் கேளுங்கள். குறையே இல்லை என்று அவர் உடனே பதில் சொன்னால், தணிக்கை அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள்.