பிறந்த வீடாக நின்ற அனுராதா

சென்ற மாதம் ஒரு நாள், எங்கள் வீட்டில் வேலை செய்பவள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "அக்கா, என் பொண்ணுக்கு வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு. சாப்பாடு போட்டு மாசம் பன்னெண்டாயிரமாம். அத்தை முறையாகிற ஒருத்தி கூட்டிட்டுப் போறா" என்றாள்.

பெண்ணுக்கு வயது 16. "எந்த ஊர்? யார் வீடு?" என்றேன். "அதெல்லாம் கேக்கலியே அக்கா!" என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நேபாளத்து அனுராதா கொய்ராலாவைப் பற்றிப் படித்திருந்ததுதான் காரணம்.

அனுராதா காத்மாண்டுவில் பள்ளி ஆசிரியை. இல்லற வாழ்க்கையில் அடி உதைதான் கண்டவர். காலையில் பசுபதிநாதர் கோயிலுக்குப் போகையில், அங்கே கையேந்தி நின்ற பெண்களிடம் பேச்சுக் கொடுத்தார். எட்டுப் பேருக்குத் தம் சம்பளத்திலிருந்தே ஆளுக்கு 1,000 ரூபாய் கொடுத்து, சின்னக் கடை வைக்கச் செய்தார். 1993-ல் 'மைத்தி நேபாள்' அமைப்பைத் தொடங்கினார். 'மைத்தி' என்றால் பெண்ணுக்குப் பிறந்த வீடு! பெயரே மனசைத் தொடுகிறதல்லவா?

நேபாள எல்லையைத் தாண்டி இந்தியா வர அவர்களுக்குப் பாஸ்போர்ட், விசா வேண்டாம். தரகர்களுக்கு அதுவே வசதி. "வேலை வாங்கித் தர்றேன்", "கல்யாணம் பண்ணிக்கிறேன்" என்று ஆசை காட்டி, பெண்களை அழைத்து வந்து விற்றுவிடுவார்கள். அதனால் எல்லைச் சாவடிகளில் மைத்தியின் பெண்கள் காவல் நிற்கிறார்கள். அவர்களில் சிலர் தாங்களே விற்கப்பட்டு மீண்டவர்கள். சந்தேகம் வந்தால் ஆணையும் பெண்ணையும் தனித்தனியே விசாரிப்பார்கள். எங்கே போகிறாய்? கூட வருபவர் யார்? என்ன வேலை? பதில்கள் பொருந்தாவிட்டால் போலீசுக்குச் சொல்வார்கள்.

2010-ல் சி.என்.என். தொலைக்காட்சி அனுராதாவை அந்த ஆண்டின் நாயகியாகத் தேர்ந்தெடுத்தது. 2017-ல் நம் அரசு பத்மஸ்ரீ அளித்தது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். அந்த 'அத்தை'க்குப் போன் போட்டு, அதே கேள்விகளை நானும் கேட்டேன். முதலில் மழுப்பினாள். முதலாளியின் விலாசம் கேட்டதும் போனை வைத்துவிட்டாள். அப்புறம் எடுக்கவே இல்லை! பெண் இப்போது ப்ளஸ் ஒன் படிக்கிறாள்.

வெளியூர் வேலைக்குப் போவது தப்பில்லை, சகோதரிகளே. ஆனால் விலாசம், சம்பளம், வேலை நேரம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். பெண்ணின் போனும் ஆதாரும் அவள் கையிலேயே இருக்கட்டும். குழந்தைகள் விஷயத்தில் சந்தேகம் வந்தால் 1098, பெண்களுக்கு 181. நாலு கேள்வி கேட்பதால் உறவு கெட்டுவிடாது. கேட்காமல் விட்டால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே கெட்டுவிடலாம்.