ஏறியவுடன் இறங்கும் விமானங்கள்

காரமடையில் பஸ் ஏறி, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர், கவுண்டம்பாளையம் என்று ஒவ்வொரு சிக்னலிலும் நின்று, கோவையில் இன்னொரு பஸ் மாறி, அவினாசி ரோட்டில் சித்ரா ஸ்டாப்பில் இறங்கினால் பீளமேடு விமான நிலையம். எப்படிப் பார்த்தாலும் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். அங்கிருந்து பெங்களூருக்குக் கிளம்பும் விமானம் ஆகாயத்தில் இருப்பதோ முக்கால் மணி நேரம்தான்!

இதை எங்கள் பெரிய மாமாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "ஏன் மாப்ள, ராத்திரி ரயில்ல ஏறிப் படுத்தா விடியறப்போ பெங்களூரு. அந்த முக்கா மணி நேரத்துக்கு எவன் காசு குடுத்து ஏறுவான்? அப்படியே ஏறுனாலும் ஓட்டறவனுக்கு எண்ணெய்க் காசாவது கட்டுமா?" என்றார். மாமா இருபது வருடம் லாரி வைத்திருந்தவர். எதையும் டீசல் கணக்கில்தான் பார்ப்பார். ஆனாலும் அவர் கேட்ட இரண்டு கேள்விகளும் விமானக் கம்பெனிக்காரர்களே மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்விகள் என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது.

முதலில் எண்ணெய்க் கணக்கு. லாரி மேட்டில் ஏறும்போது டீசல் குடிப்பதைப் போல விமானமும் மேலே ஏறும்போதுதான் அதிகமாக எரிபொருள் குடிக்கும். உயரத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு காற்றின் அடர்த்தி குறைவு, இழுவையும் குறைவு, அங்கேதான் சிக்கனம். பெங்களூருக்கு ஆகாய மார்க்கமாகச் சுமார் 250 கிலோமீட்டர். ஜெட் விமானம் ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பிக்க வேண்டியதுதான். சிக்கனம் கிடைக்கும் நடுப்பகுதி கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

அடுத்தது தேய்மானம். வகுப்பில் 'ஃபெட்டீக்' என்று படிக்கிறோமே, உலோகச் சோர்வு, அது இங்கே வருகிறது. மேலே போகும்போது உள்ளே காற்றழுத்தம் கொடுப்பதால் விமானத்தின் உடல் பலூன் மாதிரி சற்று உப்பும், இறங்கியதும் சுருங்கும். ஒரு பயணத்துக்கு ஒரு முறை. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிகிற கதைதான். ஹவாய்த் தீவுகளுக்குள் குறுந்தூரம் ஓடிய அலோஹா ஏர்லைன்ஸ் போயிங் 737 ஒன்று 1988 ஏப்ரல் 28 அன்று 24,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது அதன் முன்பகுதிக் கூரையே பிய்த்துக்கொண்டு போனது. ஒரு பணிப்பெண் இறந்தார். மற்ற 94 பேரோடும் விமானி பத்திரமாக இறக்கிவிட்டார். அந்த விமானம் அதுவரை பறந்தது 35,496 மணி நேரம், ஏறி இறங்கியது 89,680 தடவை. வகுத்துப் பாருங்கள், ஒரு பயணத்துக்குச் சராசரி 24 நிமிடம்கூட இல்லை! கடல் உப்புக்காற்றும் சேர்ந்து, ரிவெட் வரிசையில் விரிசல் விட்டிருக்கிறது. விமானத்தின் வயதை மணிக்கணக்கில் மட்டும் பார்த்தால் போதாது, ஏறி இறங்கிய கணக்கையும் பார்க்க வேண்டும் என்பதை உலகுக்கே உறைக்க வைத்த விபத்து அது.

இதனால்தான் குறுந்தூரத்துக்கு ஏடிஆர் 72 மாதிரியான புரொப்பெல்லர் விமானங்களை விடுகிறார்கள். சுமார் எழுபது பேர் உட்காரலாம். "ஜெட் இருக்கிற காலத்தில் இன்னும் காத்தாடியா?" என்று ஏளனம் செய்ய வேண்டாம். நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிடச் சிக்கனம். அதிக உயரம் போகத் தேவையில்லை, நீளமான ஓடுதளமும் வேண்டாம்.

எண்ணெய்க் கணக்கு இப்படி இருக்க, ஏறுகிறவர் யார்? பெங்களூர் விமானத்தில் ஏறுகிறவர்கள் எல்லாரும் பெங்களூருக்கே போகிறவர்கள் அல்ல. பெட்டியைச் செக்-இன் செய்துவிட்டு அங்கே மாறி டெல்லிக்கோ, ஜெர்மனிக்கோ போகிறவர்கள் பலர். அவர்களுக்கு அந்த முக்கால் மணி நேரம் பெரிய பயணத்தின் முதல் படிக்கட்டு. தனியாகப் பார்த்தால் நஷ்டமான இந்தச் சின்ன ஓட்டம், பெரிய விமானத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறது. பிரான்சில் 2023-இல், ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் போகக்கூடிய ஊர்களுக்குள் விமானம் கூடாது என்று சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்து, பாரிஸிலிருந்து மூன்று ஊர்களுக்கான ஓட்டத்தை நிறுத்தினார்கள். அவர்களும் வேறு விமானம் மாறப் போகிறவர்களுக்கான ஓட்டங்களில் கை வைக்கவில்லை. அத்தனை வேகமான ரயில் நமக்கு வரட்டும், அப்புறம் நாமும் யோசிக்கலாம்.

சேலத்தின் கதை வேறு. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் 1993-இல் விமான நிலையம் திறந்தார்கள். என்இபிசி கம்பெனி கொஞ்ச காலம் ஓட்டியது, நின்றது. 2009-இல் கிங்ஃபிஷர் வந்தது, 2011-இல் போனது. 2018 மார்ச்சில் 'உடான்' திட்டத்தில் ட்ரூஜெட் சென்னைக்கு ஓட்ட ஆரம்பித்தது. அதுவும் 2021-இல் நின்றுவிட்டது. 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கினார்கள். இப்படி வருவதும் போவதுமாக இருப்பதற்குச் சேலத்துக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. ராத்திரி ரயிலும் நாலு வழிச்சாலையும் இருக்கும்போது, காலையில் போய்ச் சாயங்காலமே திரும்ப வேண்டியவர்தான் விமானத்தைத் தேடுவார். 2016-இல் அறிவித்த உடான் திட்டம் இதற்கு ஒரு வழி செய்தது. ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாதி இருக்கைகளை 2,500 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டும் என்பது அப்போது வைத்த விதி. கம்பெனிக்கு வரும் பற்றாக்குறையை அரசு மூன்று வருடம் ஈடுகட்டும், பெரும்பங்கு மத்திய அரசு, 20 சதம் மாநிலம். இறங்கு கட்டணமும் கிடையாது. நல்ல திட்டம்தான். ஆனால் மூன்றே வருடத்தில் ஓர் ஊருக்கு விமானப் பழக்கம் வந்துவிடுமா என்பது என் சந்தேகம். நாட்டுத் தென்னை வைத்தால்கூட மூன்று வருடத்தில் காய்க்காதுங்களே!

நிற்க. உலகத்திலேயே சின்ன விமானப் பயணம் எது தெரியுமா? ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில், வெஸ்ட்ரே தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே தீவுக்கு 2.7 கிலோமீட்டர். நம்ம பீளமேடு ஓடுதளமே ஏறக்குறைய 3 கிலோமீட்டர்! லோகன்ஏர் கம்பெனி 1967 முதல் எட்டுப் பேர் உட்காரும் குட்டி விமானத்தில் ஓட்டிய வழி இது. அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று சாதகமாக இருந்த ஒரு நாள் 53 விநாடியில் முடித்திருக்கிறார்கள். வேடிக்கைக்காக ஓடவில்லை. அந்தத் தீவில் நூறு பேர்கூட இல்லை. அவர்களுக்கு டாக்டர் வர வேண்டும், வாத்தியார் வர வேண்டும், நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடுவில் கடல். அரசு மானியம் கொடுத்து ஓட்ட வைக்கிறது. மாமா கேட்ட கேள்விக்கு அங்கே யாரும் டீசல் கணக்கில் பதில் சொல்ல மாட்டார்கள்.

நமக்கும் அப்படி ஒரு கடல் இருக்கிறது. திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் பலாலி சுமார் 185 கிலோமீட்டர். கோவையிலிருந்து பெங்களூரைவிடக் கிட்ட! இந்தக் கடலுக்கு மேல் விமானம் பறப்பது புதிதல்ல. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் ஓட்டத்தைத் தொடங்கியதே ரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குத்தான், டகோட்டா விமானத்தில். தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் அப்போது இருந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு யுத்தம் வந்தது, பலாலி ராணுவத்தின் தளமாயிற்று. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் திருச்சிக்கு வர வேண்டுமானால் தெற்கே 400 கிலோமீட்டர் கொழும்புக்குப் போய், அங்கிருந்து மறுபடி 400 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே பறந்து வர வேண்டும். மூக்கைச் சுற்றித் தொடுவது என்பது இதுதான். இந்தக் கரையில் சொந்தம் ஒருவர் இறந்துபோனதாகச் செய்தி வந்தால் கிளம்பி, முகம் பார்க்க வந்து சேர முடியுமா?

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறந்தது. நாலு மாதம் ஓடியிருக்கும், கொரோனா வந்து நிறுத்தியது. மறுபடி 2022 டிசம்பரில்தான் தொடங்கியது. திருச்சியிலிருந்து நேரடி ஓட்டத்தை இண்டிகோ 2025 மார்ச் 30 அன்று ஆரம்பித்தது, அதே ஏடிஆர் ரக விமானத்தில். ஏறி உட்கார்ந்து, டெல்டா வயல்களைத் தாண்டி, கொஞ்ச நேரம் கடல், உடனே பனைமரங்கள். பாஸ்போர்ட், விசா, சுங்கம் என்று இரண்டு பக்கமும் வரிசையில் நிற்கும் நேரம் பறக்கிற நேரத்தைவிட அதிகம். இருந்தாலும், காலையில் செய்தி கேட்டவர் பொழுது சாய்வதற்குள் வீட்டு வாசலில் வந்து இறங்க ஒரு வழி அதனால் கிடைத்தது.