இத்தாவுக்குப் பின்: தனித்தாயரின் உளநலம்

கணவனின்றிப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கைம்பெண், அறுதலி, வாழாவெட்டி ஆகிய யாவும் அவள் இழந்ததைச் சுட்டுகின்றனவேயன்றி, அவள் ஒரு தாய் என்பதைச் சுட்டவில்லை. 'அறுதலி' வசைச்சொல்லாகவே நின்றுவிட்டது. இரவில் சிறு விளக்கொளியில் பஞ்சின் கழிவைப் புடைக்க எழுந்தவளைப் புறநானூறு 'பருத்திப் பெண்டு' எனத் தொழிலால் அழைக்கிறது. துணையற்ற மகளிர் நூல் நூற்று வாழ்ந்தமையை நற்றிணையும் காட்டும். (கைம்மை நோன்பின் கொடுமையையும் அதே புறநானூறு பேசுகிறது என்பதை மறைப்பதற்கில்லை.)

நம் சமுதாயத்தில் கணவனை இழந்தவள், கருவுற்றிராவிடில், 4 மாதம் 10 நாள் இத்தா இருக்கிறாள். அந்நாள்களில் வீடு நிறைந்திருக்கும். சமைத்த உணவு அண்டை வீடுகளிலிருந்து வரும். பிள்ளைகளைப் பெரியம்மாவோ மாமியோ பார்த்துக்கொள்வர். இத்தா முடிந்ததும் உறவினர் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடுகின்றனர். உண்மையில் அவளுடைய உளச்சுமை அன்றுதான் முழு எடையோடு தொடங்குகிறது. வாரிசுச் சான்றிதழ், குடும்ப அட்டையில் பெயர் நீக்கம், பள்ளிக் கட்டணம், உடன்பிறந்தான் முகம் பார்த்து நிற்கும் நிலை ஆகிய அனைத்தும் ஐந்தாம் மாதத்தில் வந்து சேர்கின்றன. மணமுறிவு பெற்றவளின் நிலை இதனினும் கொடிது. அவள் வீட்டுக்குத் துக்கம் கேட்கவும் எவரும் வருவதில்லை. 'நீ என்ன செய்தாய்?' என்று கேட்கவே வருகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன் முதல் பாடவேளைக்குத் தொடர்ந்து வராதிருந்தான். வகுப்பினர் முன் கடிந்துகொண்டேன். பிறகு தனியே வந்து, "உம்மா காலையில் எழுவதில்லை ஐயா. தம்பிக்கு நான்தான் சமைத்து அனுப்புகிறேன்" என்றான். தந்தை இறந்து ஓராண்டாகியிருந்தது. தாய் உறங்குவதில்லை, உண்பதில்லை. உறவினர் நான்கு இடங்களில் ஓதிப் பார்த்திருந்தனர். மருத்துவரிடம் மட்டும் அழைத்துச் செல்லவில்லை. அவனைக் கடிந்தமைக்கு இன்றும் நாணுகிறேன்.

துயரம் நோயன்று. எனினும் மனச்சோர்வு, உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, 'நான் எதற்கும் பயனற்றவள்' என்னும் எண்ணம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் நீடித்து அன்றாட வேலையை முடக்குமாயின், அது மருத்துவம் வேண்டும் நிலை. தனித்தாய் இதனை மறைக்கிறாள். மகளின் திருமணம் தடைப்படும், பிள்ளைகளைப் பிரித்துவிடுவர் என்னும் அச்சமே காரணம். துஆ வேண்டாமென்று எவரும் கூறவில்லை. ஆனால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) பணித்தமையை நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 25க்கும் மேற்பட்ட மனநோயாளர்கள் மாண்டதையும் பெரியோர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் இடங்களில் மனநல மருத்துவம் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்திற்கு ஆளானவராகவே கொள்ள வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' தொலைபேசி சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். வெளியே செல்லத் தயங்கும் பெண்ணுக்கு இது பெரிதும் உதவும்.

ஜமாஅத்தார் செய்யக்கூடியதும் உண்டு. இத்தா முடியும் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, அதன்பின் திங்கள்தோறும் நம்பத்தகுந்த பெண்மணி ஒருவரை அவ்வீட்டுக்கு அனுப்பலாம். உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பித் தரலாம். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளமர்த்தலாம். கூட்டத்தில் பெயர் சொல்லி அழைத்துத் தையல் இயந்திரம் வழங்கி நிழற்படம் எடுக்கும் வழக்கத்தை, என்னளவில், விட்டுவிடுவதே நன்று. முதல் சந்திப்பிலேயே மறுமணம் பற்றிப் பேசுவதும், அவள் வாய் திறக்குமுன் 'பொறுமை கொள்' என்று முடித்துவிடுவதும் அவளை மேலும் ஊமையாக்கும்.

அம்மாணவனின் தாயார் அரசு மருத்துவமனையில் சில திங்கள் மருந்துண்டு தேறினார். பட்டமளிப்பு நாளில் வந்திருந்தபோது மருந்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. அஸர் தொழுகைக்குப் பின் நாள்தோறும் அடுத்த வீட்டு அக்கா முறத்தோடு வந்து, தம் வீட்டில் அமர்ந்து அரிசி புடைத்துவிட்டுப் போனதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த அக்கா ஒருநாளும் அறிவுரை சொன்னதில்லையாம்.