முந்தல் களப்பும் மூடிய வானமும்

முந்தல் களப்பை உச்சி வெயிலில் படம் எடுப்பவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும். புத்தளம் வீதியில் வருபவர்கள் வாகனத்தை ஓரங்கட்டி, கைத்தொலைபேசியை நீட்டி, இரண்டு படம் தட்டிவிட்டுப் போவார்கள். நீல வானம், நீலத் தண்ணீர், கரையோரத் தென்னை. நீர்கொழும்பிலும் அது கிடைக்கும், பாசிக்குடாவிலும் கிடைக்கும். வானம் மப்பும் மந்தாரமுமாக மூடிக் கிடக்கும் நாளில் வந்து பார்க்கவேண்டும். நீரும் முகிலும் ஒரே சாம்பலாகக் கலந்து கிடக்க, நடுவே ஒரு தடியும் அதன் உச்சியில் ஒரு நீர்க்காகமும் மட்டும் கறுப்பாக நிற்கும்.

அந்த நாளில்தான் நம்மவர்கள் "வெளிச்சம் சரியில்லை" என்று கமெராவைப் பைக்குள் போடுகிறார்கள். வெளிச்சம் குறைவுதான். தெளிந்த நண்பகல் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ் என்றால், முகில் முற்றாக மூடிய பகலில் 10,000 அல்லது அதற்கும் கீழே. ஆனால் குறைவு வேறு, கெட்டது வேறு. மூடிய வானத்தின் வெளிச்சத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அது தெரியாமல் திருத்தப் போவதால்தான் மந்தாரப் படங்கள் பெரும்பாலும் கெடுகின்றன என்பது என் கட்சி.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். முந்தல் களப்பு கடலுக்குச் சமாந்தரமாகக் கிடக்கிறது. வடக்கே ஒரு கால்வாய் அதைப் புத்தளம் களப்போடு இணைக்கிறது. மேற்கே, களப்புக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள நிலத்துண்டில் உடப்பு. சுற்றிலும் தென்னந்தோட்டம், இறால் பண்ணை, உப்பளம், இடையிடையே கண்டல். வீதிப் பக்கக் கரையில் நின்றால் மாலை வெளிச்சம் நீருக்கு மேலாக நேரே முகத்துக்கு வரும். தென்மேல் பருவக்காற்று தன் மழையைப் பெரும்பாலும் மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் தென்மேற்குக் கரையிலும் கொட்டிவிடுகிறது. புத்தளக் கரைக்கு முகிலும் காற்றும் வரும், மழை சொற்பம். ஆகவே ஜூன் முதல் செப்டெம்பர் வரை கமெரா நனையாமல் சாம்பல் வானம் கிடைக்கும். ஒக்டோபர், நவம்பரில் நிலைமை வேறு. பிற்பகலில் இடிமுகில் திரளும், காட்சி அபாரமாக இருக்கும். ஆனால் வெட்டவெளியான கரையில் அலுமினிய மூன்றுகாலியோடு நிற்பவரைவிட மின்னலுக்கு வசதியான ஆள் கிடையாது. இடி கேட்டால் மடித்துக்கொண்டு கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

முகில் ஏன் சாம்பல்? தெளிந்த வானத்தில் வளிமூலக்கூறுகள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. முகிலின் நீர்த்துளிகளோ ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அவற்றின் ஆரை ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு அளவில் இருக்கும். அவை எல்லா நிறத்தையும் ஏறத்தாழச் சமமாகவே சிதறடிக்கும். தடித்த முகிலுக்குள் ஒளி திரும்பத் திரும்பச் சிதறி, பெரும்பகுதி மேல்நோக்கியே போய்விடுகிறது, மிச்சம்தான் நமக்கு. மழைமுகிலின் அடி கறுத்திருப்பது இதனால்தான். அதே முகிலை விமானத்திலிருந்து பார்த்தால் கண் கூசும் வெள்ளை.

இனி அந்த ஒழுங்கு. பரி மூன், டொமினா ஸ்பென்சர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1942இல் மூடிய வானத்தின் பிரகாசத்துக்கு ஒரு சூத்திரம் தந்தார்கள். சர்வதேச ஒளியூட்டல் ஆணைக்குழு 1955இல் அதை நியமமாக ஏற்றது. கட்டடக் கலைஞர்கள் யன்னல் அளவைக் கணிக்க அதைத்தான் பயன்படுத்திவந்தார்கள். அதன்படி, சீராக மூடிய வானம் அடிவானத்தில் இருப்பதைவிட உச்சியில் மூன்று மடங்கு பிரகாசமானது. 30 பாகை உயரத்தில் இரண்டு மடங்கு. நேர் மேலே பார்க்கும்போது பார்வை முகிலின் ஆழத்துக்குள், வெளிச்சம் கூடிய மேலடுக்குகளை நோக்கிப் போகிறது. அடிவானத்தை நோக்கிச் சாய்வாகப் பார்க்கும்போது மங்கலான கீழடுக்கிலேயே அது தங்கிவிடுகிறது.

கைத்தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்து, அடிவானத்தை நடுவில் வைத்து எடுத்தால், படத்தின் மேல்விளிம்பு 30 பாகையைத் தாண்டிவிடும். அதாவது அங்கே வெளிச்சம் அடிவானத்தில் உள்ளதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், படக்காரர் கணக்கில் ஒரு ஸ்டொப். நம் ஆட்கள் செய்வது என்ன? மேல்பக்கத்தைக் கறுப்பாக்கி, மூலைகளை இருட்டாக்கி, அடிவானத்தில் வெளிச்சம் விடுகிறார்கள். சோகம் வந்துவிட்டதாம். சீராக மூடிய வானத்துக்கு இது தலைகீழ். மேற்கே முகிலின் விளிம்பு கிழிந்து, அடியில் ஒரு வெளிச்சக் கோடு தெரியும் மாலையில் மட்டுமே அது உண்மையாக நடக்கும். எந்த வானத்தின் கீழ் நிற்கிறோம் என்பதை முதலில் பாருங்கள்.

நீரின் கதை இன்னும் சுவையானது. அசையாத நீரை நேர் கீழே பார்த்தால் அது வானொளியில் வெறும் 2 வீதத்தைத்தான் திருப்பித் தருகிறது. நின்றபடி, கண் சுமார் 1.6 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். 9 மீற்றர் தூரத்து நீரில் அது மூன்றில் ஒரு பங்கை எட்டிவிடும். அதற்கப்பால் ஏறிக்கொண்டே போகும். காலடியில் களப்பின் சொந்த நிறம், தொலைவில் வானத்தின் நிறம். நீரின்மேல் படியும் இந்த வானொளிப் பூச்சைப் பொலரைசர் கண்ணாடி போக்கும். அது முழுதாக வேலைசெய்வது கண்ணிலிருந்து செங்குத்துக்கு 53 பாகையில், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மீற்றருக்குச் சற்று மேலே. முகில் வானத்தின்மேல் திருப்பினால் அதற்கு வேலையே இல்லை. பலமுறை சிதறிய ஒளியில் முனைவாக்கம் அழிந்துபோயிருக்கும்.

களப்பில் நட்ட ஒரு தடியைக் கூர்ந்து பாருங்கள். அதன் அடியிலிருந்து ஒரு கறுப்புப் பட்டை நீரில் உங்களை நோக்கி நீண்டு வரும். அது நிழல் இல்லை. முகில் மூடிய நாளில் தடிக்கு நிழலேது? அது பிரதிபலிப்பு, எங்கே போய் நின்றாலும் உங்களை நோக்கியே வரும். அந்தப் பட்டைக்குள் பார்த்தால், வானத்தின் பூச்சு மறைக்கப்பட்டதால், சேறு கலந்த பச்சை தெரியும். களப்பின் உண்மையான நிறம் அந்த நாலு விரற்கடைக்குள் இருக்கிறது. எடிட்டிங்கில் 'பிளாக்ஸ்' கட்டையை முழுதாக இழுத்தால் முதலில் சாவது அந்தப் பச்சைதான்.

காற்றில்லாத காலையில் அடிவானக் கோடே மறைந்துவிடுவதும் இதனால்தான். தொலைநீர் கண்ணாடிபோல் அடிவானத்தையே திருப்பிக் காட்டும். காற்று எழும்பினால் நம்மை நோக்கிச் சாய்ந்த சிற்றலைகளின் முகங்களைப் பார்க்கிறோம். அவை திருப்பித் தரும் ஒளி குறைவு. நீர் கறுத்து, கோடு துலங்கும். கோடில்லாத படம் வேண்டுமென்றால் விடியற்காலை போங்கள். பிற்பகல் கடற்காற்றில் எடுத்த படத்தில் அதை மென்பொருளால் அழிப்பது வீண் வேலை, சிற்றலைகள் காட்டிக்கொடுத்துவிடும்.

எடுக்கும்போது கவனிக்கவேண்டியவை சில உண்டு. கமெராவின் அளவுமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வானம் படத்தை நிறைத்தால் தரை இருண்டுபோகும். வானம் வெளிறிப் போகாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் கூட்டி, கமெராவின் மூலக்கோப்பான 'ரோ' வடிவில் எடுங்கள். அதில் 14 பிட் என்றால் 16,384 படிகள்; ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256. மந்தார வானம் அந்த 256இல் சிறு பகுதிக்குள்ளேயே அடங்கிவிடும். அதை இழுத்து விரித்தால் வானத்தில் படிக்கட்டுபோல் பட்டைகள் எழும். கைத்தொலைபேசி தானாகப் பல படங்களை இணைத்து, இருளைத் தூக்கி, எல்லாவற்றையும் ஒரே வெளிச்சமாக்கிவிடும். திரையைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துவிடுங்கள். நிறச் சமநிலையையும் பாருங்கள். நேர்வெயில் 5,500 கெல்வின் என்றால் மூடிய வானம் 6,500 முதல் 7,500 வரை, நீலம் தூக்கலாக. முழுதாக நீக்கினால் வெயில் நாளின் பொய், கூட்டினால் சினிமாப் பொய். பாதியை விட்டுவைப்பது என் வழக்கம்.

அதிகம் கெடுப்பது 'டிஹேஸ்' கட்டை. புகாரை நீக்கும் இந்த வித்தைக்குப் பெயர்பெற்ற வழியொன்றைக் கைமிங் ஹே என்பவரும் இரு சகாக்களும் 2009இல் தந்தார்கள். புகாரில்லாத வெளிப்புறப் படத்தில், வானத்தைத் தவிர்த்து, பெரும்பாலான சிறு பகுதிகளில் சில புள்ளிகளிலாவது சிவப்பு, பச்சை, நீலத்தில் ஏதாவது ஒன்று மிகக் குறைவாக இருக்கும். இல்லாவிட்டால் அங்கே புகார் என்பது அவர்களின் ஊகம். பொருளே புகாரின் நிறத்தில் இருந்து, அதன்மேல் நிழலும் விழாவிட்டால் ஊகம் பொய்க்கும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். மூடிய வானத்தின் கீழ் கிடக்கும் களப்பு அச்சொட்டாக அதுதான். இல்லாத புகாரைக் கணினி சுரண்டி எடுக்கும், கிடைப்பது அழுக்கு. தொடவே வேண்டுமானால், தூரத்துத் தென்னை வரிசையை மட்டும் தெரிவு செய்து கொஞ்சமாகத் தொடுங்கள்.

திருத்துவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. புகைப்படக் கலையின் தொடக்ககால நெகட்டிவ் நீலத்துக்கு மட்டுமே கூர்மையானது; கடலுக்கு அளவு பார்த்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அதனால் பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே 1850களில் வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என இரு நெகட்டிவ்களை அடிவானத்தில் ஒட்டிக் கடற்காட்சிகள் அச்சிட்டார். நம் நாட்டின் லயனல் வெண்ட் 1944இல் மறையும்வரை இருட்டறையில் செய்யாத சோதனை இல்லை: ஒளி தலைகீழாக்கல், பல படங்களை ஒன்றாக்கல். அவர் அதைக் கலையென்று வெளிப்படையாகவே செய்தார்.

இன்று ஒரு சொடுக்கில் வானத்தை மாற்றலாம். ஃபோட்டோஷொப்பில் 2020 ஒக்டோபரில் அந்த வசதி வந்தது. புது வானத்தை ஒட்டுபவர்கள் நீரை மாற்ற மறந்துவிடுகிறார்கள். மேலே இடிமுகில், கீழே தெளிந்த வானத்தின் பிரதிபலிப்பு! களப்புப் படங்கள் பின்னாளில் வேறொன்றுக்கும் உதவும். கண்டல் எதுவரை நின்றது, எந்த இறால் குளம் கைவிடப்பட்டது, நீர் என்ன நிறத்தில் இருந்தது என்பதற்கெல்லாம் அவைதான் சாட்சி. ஆகவே வானத்தை மாற்றினால் படத்தின் அடியில் 'இணைப்புப் படம்' என்று எழுதுங்கள்; மூலக்கோப்பை அழிக்காமல் திகதியோடு சேமித்து வையுங்கள்.