அரையடித் தண்ணீரில் அறுபது கிலோமீட்டர்

நியூசிலாந்தின் தென்தீவில், ஒட்டாகோ பகுதியில் ஷாட்ஓவர் என்றொரு ஆறு. 1862-ல் டான் எலிசன், ஹக்கராயா ஹேரோவா என்ற இரண்டு மாவோரிப் பழங்குடியினர் தங்கம் தேடி அதன் கரையோரமாகப் போனார்கள். எதிர்க்கரையில் யாரும் கைவைக்காத திட்டு ஒன்று தெரிந்தது. நீந்திக் கடந்தார்கள். கூட வந்த நாயை வெள்ளம் இழுத்துப்போய்ப் பாறையோரம் ஒதுக்கியது. அதைத் தூக்கப் போன இடத்தில் பாறை இடுக்கெல்லாம் தங்கத்தூள். பொழுது சாய்வதற்குள் 300 அவுன்ஸ், அதாவது 9 கிலோவுக்கு மேல், வழித்தெடுத்தார்கள் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். அந்த இடத்துக்கு இன்றும் மாவோரி முனை என்றே பெயர்.

நாய் வரும் பகுதியில் கொஞ்சம் கதை கலந்திருக்கலாம். ஆனால் தங்கம் எதிர்க்கரையில் இருந்தது என்பதுதான் இங்கே விஷயம். ஆற்றுத் தங்கம் தேடுகிறவர்களின் பாடு அன்றும் இன்றும் அதுதான். நடந்துபோக முடிந்த கரையையெல்லாம் நூற்றறுபது வருடங்களாக ஆட்கள் அரித்துச் சலித்துவிட்டார்கள். மிச்சம் கிடப்பது சாலை போகாத மலையிடுக்குகளில். அங்கே போய்ச்சேர ஒரு படகு வேண்டும். கடையில் விற்கும் சாதாரண மோட்டார் படகு அந்த ஆறுகளில் முதல் வளைவைத் தாண்டாது. அதனால் கைத்தொழில் தெரிந்த சிலர் வீட்டுக் கொட்டகையிலேயே ஜெட் படகு கட்டிக்கொள்கிறார்கள்.

ஜெட் என்றதும் விமான எஞ்சினை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது தண்ணீர் ஜெட். அது ஏன் தேவைப்படுகிறது என்று புரிய, தங்கம் ஆற்றில் எங்கே தங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

தங்கத்தின் அடர்த்தி நீரைப்போல 19.3 மடங்கு. சாதாரண ஆற்றுமணலான குவார்ட்ஸ் 2.65 மடங்குதான். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்போது இரண்டிலிருந்தும் நீரின் பங்கைக் கழித்துவிட்டால் 18.3-க்கு 1.65. ஒரே அளவு துணுக்குகளை எடுத்துக்கொண்டால், நீருக்குள் தங்கத்துணுக்கின் எடை மணல்துணுக்கைப்போல பதினோரு மடங்கு. மலையிலிருந்து அடித்துவரும் வெள்ளத்தின் வேகம் சற்றே குறைந்தாலும் முதலில் கீழே இறங்குவது தங்கம்தான். வளைவின் உட்பக்கம், பெரிய பாறாங்கல்லின் பின்புறம், ஓட்டத்துக்குக் குறுக்கே கிடக்கும் பாறைப் பிளவு ஆகியவை அது படியும் இடங்கள். ஒவ்வொரு பெருவெள்ளமும் பழைய படிவைக் கலைத்துப் புதிதாகக் கொஞ்சம் கொண்டுவந்தும் போடும்.

வேகம் குறைந்தால் தங்கம் மட்டுமா இறங்கும்? கூழாங்கல்லும் மணலும் சேர்ந்தே இறங்கும். சேரச்சேர ஆழம் குறையும். ஆகவே தங்கம் தேடுகிறவன் போக வேண்டிய இடமும் படகு தரைதட்டும் இடமும் ஒன்றுதான். படகுக்கு அடியில் தொங்கிக்கொண்டு சுழலும் புரொப்பல்லர் அங்கே ஒரு நிமிடம் நிலைக்காது.

இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர் ஒரு செம்மறிப் பண்ணைக்காரர். பில் ஹாமில்டன், 1899-ல் பிறந்தவர். தென்தீவின் மெக்கன்சி சமவெளியில் ஐரிஷ்மேன் கிரீக் என்ற பண்ணையை 1921-ல் வாங்கினார். பண்ணையிலேயே பட்டறை வைத்து மண்ணள்ளும் இயந்திரங்கள் செய்துகொண்டிருந்தார். அந்தப் பக்கத்து ஆறுகள் ஒரே தடத்தில் ஓடுவதில்லை. அகலமான கூழாங்கல் படுகையில் பல இழைகளாகப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து ஓடும். ஓர் இழையில் முழங்கால் அளவு தண்ணீர். அடுத்ததில் கணுக்கால்கூட நனையாது. அந்த ஆறுகளில் எதிரேறிப் போக வேண்டும் என்பது ஹாமில்டனின் ஆசை.

1950-களின் தொடக்கத்தில் அவர் ஓர் அமெரிக்கத் தண்ணீர் ஜெட்டின் மாதிரியைப் பின்பற்றிப் பார்த்தார். தண்ணீரை உறிஞ்சி, படகுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நாசில் வழியாகப் பீய்ச்சும் அமைப்பு அது. சரியாக வரவில்லை. நாசிலைக் கொஞ்சம் உயர்த்தி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, படகின் பின்பலகை வழியாகப் பீய்ச்சினால் என்ன என்று பட்டறை ஆள் ஒருவர் யோசனை சொன்னார். செய்து பார்த்ததும் படகு பாய்ந்தது. அடியில் இழுவை கொடுக்க எதுவும் இல்லை, கல்லில் மோத எதுவும் இல்லை. நீரைப் பீய்ச்சிப் படகை ஓட்டும் எண்ணம் புதிதல்ல. அமெரிக்காவின் ஜேம்ஸ் ரம்சி 1787-லேயே நீராவிப் பம்பு வைத்துப் போட்டோமாக் ஆற்றில் ஓட்டிக் காட்டியிருக்கிறார். ஹாமில்டனும் இதைக் கண்டுபிடித்த பெருமை ஆர்க்கிமிடீசுக்கே என்று சொல்வது வழக்கம். என்றாலும் ஆற்றுக்கு ஏற்றபடி அதைச் செய்துகாட்டியது இவருடைய பட்டறைதான். 1960-ல் இவருடைய படகுகள் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யனை எதிரேறிக் கடந்தன. அதற்குமுன் எந்தப் படகும் அதைச் செய்ததில்லை. 1977-ல் எட்மண்ட் ஹில்லாரி கங்கையின் முகத்துவாரத்திலிருந்து இமயமலை நோக்கிப் புறப்பட்டதும் மூன்று ஜெட் படகுகளில்தான். நந்தபிரயாகைக்குப் பக்கத்தில் ஓர் அருவி குறுக்கிடும்வரை அவை ஏறின.

தத்துவம் எளிது. வயலில் மோட்டார் போடும்போது குழாயின் வாயைப் பிடித்திருப்பவர் பின்னுக்குத் தள்ளப்படுவாரே, அதே விசை. படகின் அடித்தட்டில் ஒரு வாய். அதற்குள் சுழன்று நீரை உறிஞ்சித் தள்ளும் இதழ்ச்சக்கரமான இம்பெல்லர். நீரின் சுழற்சியை நேராக்கும் அசையா இதழ்கள். பிறகு குறுகிய நாசில். ஒரு கணக்குப் போடலாம். நாசிலின் விட்டம் 8.5 செ.மீ., நீர் வெளியேறும் வேகம் விநாடிக்கு 30 மீட்டர் என்றால், விநாடிக்குச் சுமார் 170 லிட்டர் வெளியே போகிறது. படகு நிற்கும் நிலையில், இழப்புகளை விட்டுவிட்டுப் பார்த்தால், அரை டன் எடைக்கு ஈடான தள்ளுவிசை. இதற்கு நீருக்குள் செலுத்த வேண்டிய ஆற்றலே 100 குதிரைத்திறன். பம்பில் வீணாவதையும் சேர்த்தால் 150 குதிரைத்திறன் எஞ்சின் வேண்டும்.

இங்கே ஒரு குறையும் இருக்கிறது. படகின் வேகம் ஜெட்டின் வேகத்துக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு சிக்கனம். மேலே சொன்ன படகு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போனால் ஜெட்டுக்குள் போகும் ஆற்றலில் 70 சதவீதம்வரை தள்ளுவதற்குப் பயன்படலாம். 10 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் 17 சதவீதம்தான். மெதுவாகப் போகிறவனுக்கு ஜெட் படகு பெட்ரோல் குடிக்கும் பிசாசு. ஆழமான ஏரியில் இதை வைத்துக்கொள்வது வீண்செலவு என்றே சொல்வேன்.

வீட்டில் கட்டுகிறவர்கள் பம்பைத் தாங்களே செய்வதில்லை. பழைய ஜெட்ஸ்கி ஒன்றை வாங்கி, எஞ்சினையும் பம்பையும் கழற்றி எடுத்து, பிளாஸ்டிக் உடலைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நாலு மீட்டர் நீளத்தில் அலுமினியத் தகட்டால் புது உடல். அடித்தட்டு 5 அல்லது 6 மி.மீ., பக்கங்கள் 3 மி.மீ. கடல்நீரிலும் அரிக்காத 5083 ரகத் தகடுதான் பெரும்பாலும். இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்கு என்பதால் மட்டும் அலுமினியம் இல்லை. கல்லில் இடித்தால் உடையாமல் நசுங்கும். சாயங்காலம் கரையில் உட்கார்ந்து சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம்.

வெல்டிங் வேலைதான் கண்ணைக் கட்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் எப்போதும் படர்ந்திருக்கும் ஆக்சைடுத் தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். தோலை எடுக்காமல் பற்றவைத்தால் உள்ளே உலோகம் ஓடிவிடும், மேலே தோல் அப்படியே நிற்கும். அதனால் ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, உடனே ஆர்கான் வெல்டிங். ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனால் சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும்; இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண் என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

படகு ஓடுமா ஓடாதா என்பதை முடிவு செய்வது உறிஞ்சும் வாய்க்கு முன்னால் இருக்கும் ஒரு மீட்டர் அடித்தட்டு. அந்த இடத்தில் வெல்டிங் மேடு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால்கூட அதன் பின்னால் காற்றுக்குமிழ்கள் கிளம்பி நேரே வாய்க்குள் போகும். இம்பெல்லர் தண்ணீருக்குப் பதில் நுரையை அரைக்கும். எஞ்சின் அலறும், படகு நகராது. அடித்தட்டு முழுத் தட்டையாக இருந்தாலும் இதே வம்புதான். அதனால் நடுவில் லேசான V வடிவம் கொடுத்துக் காற்றை இரு பக்கமும் ஒதுக்கிவிடுகிறார்கள். கிரைண்டரால் அந்த ஒரு மீட்டரை வழவழவென்று தேய்க்கும் வேலைக்கு யாரும் பாராட்டு தருவதில்லை. ஆனாலும் பெயின்ட்டுக்குச் செலவழிக்கும் நேரத்தை அங்கே செலவழிப்பவர்தான் நல்ல வேலைக்காரர்.

வாயில் கம்பிச் சல்லடை ஒன்று உண்டு. பெரிய கல்லை அது தடுக்கும், பொடிக்கல்லையும் மணலையும் தடுக்காது. இம்பெல்லரின் விளிம்புக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இருக்கக்கூடாது. மணல் அந்த வளையத்தை அரித்து இடைவெளியைக் கூட்டக் கூட்ட, அழுத்தம் பின்னுக்குக் கசிந்து தள்ளுவிசை குறைகிறது. தேடிப்போகும் பொருள் எந்தச் சரளையில் கிடக்கிறதோ அதே சரளைதான் பம்பைத் தின்கிறது. சில படகுகளில் மிதித்தால் சல்லடைக் கம்பிகள் கீழே விலகி, அடைத்த கல்லும் தழையும் உதிரும்படி பெடல் வைத்திருக்கிறார்கள். குளிர்விப்புக்கு ஆற்றுநீரையே எஞ்சினுக்குள் விடும் வகையில் மண் போய் அடைக்கும். சீ-டூ என்ற ஜெட்ஸ்கி வகையின் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் கூலன்ட் தனிச்சுற்றாக ஓடி, அடித்தகட்டிலேயே சூட்டை இழக்கிறது. கலங்கல் ஆற்றுக்கு அது தேவலை.

ஓட்டுவது தனி வித்தை. நிற்கும்போது இப்படிப்பட்ட படகுக்கு ஓரடிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் வேண்டும். வேகமெடுத்ததும் உடல் மேலெழும்பி நீர்மேல் வழுக்கிப் போகும். அப்போது அரையடிக்கும் குறைவான நீர் போதும். ஆனால் கிளம்பும்போது முதலில் மூக்கு தூக்கி வால் தாழும். ஆகவே ஆழமான மடுவில்தான் கிளம்ப வேண்டும், மடு பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். நடுவில் சரளைத் திட்டு தெரிகிறதே என்று பயந்து வேகத்தைக் குறைத்தால் அங்கேயே உட்கார்ந்துவிடும். இன்னொரு ஆபத்து: இதில் சுக்கான் கிடையாது. நாசிலைத் திருப்பித்தான் படகைத் திருப்புகிறோம். ஆக்சிலரேட்டரை விட்டால் திருப்பும் சக்தியும் போய்விடும். பாறையைக் கண்டதும் காலை எடுப்பது கார் ஓட்டிப் பழகிய எவருக்கும் வரும் இயல்பு. அந்த இயல்புதான் பாறைமேல் கொண்டுபோய் மோதவைக்கிறது. நீரோட்டம் கீழ்நோக்கிய V வடிவில் வழவழப்பாகத் தெரிந்தால் அது ஆழத் தடம். V-யின் கூர்முனை மேல்நோக்கி இருந்தால் அங்கே கல் இருக்கிறது.

ஓட்டுகிறவர் தண்ணீரில் விழுந்தால் எஞ்சின் தானே நிற்க, உடலோடு கட்டும் கயிறு அவசியம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம்; படகின் அடியில் தேங்கும். சாவி போடுமுன் ஊதுவிசிறியை ஓடவிட வேண்டும். இரண்டையும் தவிர்த்து மிச்சம் பிடிக்கக்கூடாது.

போய்ச் சேர்ந்தபின் என்ன? 1889-ல் இதே ஷாட்ஓவர் ஆற்றில் சோய் சியூ ஹோய் என்ற சீன வணிகர் வாளிச்சங்கிலி வைத்த பெரிய தூர்வாரி இறக்கித் தங்கம் அள்ளினார். இன்று அப்படிக் கண்டபடி அள்ள முடியாது. நியூசிலாந்துச் சட்டப்படி தங்கமும் வெள்ளியும் அரசுடைமை. பொதுமக்களுக்கென ஒதுக்கிய ஆற்றுப் பகுதிகளில் அரிப்புச்சட்டி, மண்வெட்டி, சல்லடை, வரிப்பலகை போன்ற கைக்கருவிகள் மட்டுமே அனுமதி. மோட்டாரால் உறிஞ்சி எடுக்கும் கருவிக்குத் தனி உரிமம் வேண்டும். வேக வரம்பும் உண்டு: கரையிலிருந்து 200 மீட்டருக்குள் 5 நாட், அதாவது மணிக்கு 9 கி.மீ. இந்த வரம்பு தளர்த்தப்பட்ட ஆறுகளில்தான் ஜெட் படகு வேகமாகப் போகலாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இளவேனிலில் ரைபில் என்ற சிறு பறவை தென்தீவின் இழை ஆறுகளின் சரளைத் திட்டுகளில் வெறுங்கல்மேலேயே முட்டையிடும். அலகு பக்கவாட்டில், எப்போதும் வலப்பக்கமாக, வளைந்த ஒரே பறவையினம் அது. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை திட்டில் படகை ஏற்றுகிறவர் கால் வைக்குமுன் கீழே பார்க்க வேண்டும்.

ஆகக்கூடி, 150 குதிரைத்திறன் எஞ்சின் கொண்டுபோய் இறக்குவது ஒரு ஆளையும் ஒரு சட்டியையும். ஒரு நாள் முழுக்கக் குனிந்து அரித்தால் பல சமயம் சட்டியின் விளிம்பில் சில துணுக்குகள்தான் மின்னும். போய்வந்த பெட்ரோலுக்கே அது காணாது. ஆறும் எஞ்சினும் பிடித்தவர்கள் தாராளமாகக் கட்டலாம். தங்கத்துக்காக மட்டும் என்றால், படகுக்குப் போடும் காசில் நகைக்கடையிலேயே வாங்கிக்கொள்வது லாபம்.